கொழும்பிலிருந்து மொன்றியல் வரை: ஒரு ஸ்கொட்லாந்து நீச்சல் வீரரின் கதை

1976-ம் ஆண்டு யூலை மாதம் 24-ந் திகதி, கனடா தேசத்தின் மொன்றியல் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டு விழாவில், 200 மீற்றர் மார்பு நீச்சல் போட்டியில் டேவிட் வில்கி என்ற 22 வயது ஸ்கொட்லாந்து இளைஞர் தங்கப் பதக்கம் வென்றார். அவ்விழாவில் ஆண்களுக்கான நீச்சற் போட்டிகள் மொத்தம் 13. அவற்றுள் 12 போட்டிகளில் அமெரிக்கரே முதலிடம் பெற்றனர். எஞ்சிய ஒன்றே ஒன்றைத் தட்டிக்கொண்டு வந்தவர் இந்த வில்கி. பிரித்தானிய ஆண் ஒருவர் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்று அன்றைக்கு 68 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1908-ல் லண்டனில் நடைபெற்ற விழாவுக்குப் பின் அதுதான் முதற் தடவை.

கோயிற் செய்திகளும் விழா அறிவித்தல்களும் வரும் இம்மடலில் ஸ்கொட்லாந்து நீச்சல்காரர் ஒருவருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இவர் பிறந்தது நம் கொழும்பு மாநகரில். இரண்டாவது காரணம் சற்று முக்கியமானது. நம் பிள்ளைகளையும் தண்ணீரையும் பற்றிச் சங்க அன்பர்களோடு பேசவேண்டும் என்ற எண்ணம் ஒரு வைத்தியனான எனக்கு நெடுநாளாக உண்டு. வெறும் புத்திமதியாகச் சொன்னால் எவரும் வாசிக்கமாட்டார்கள். ஒரு நல்ல மனிதரின் கதையோடு சேர்த்துச் சொன்னால் வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கொழும்பில் பிறந்தவர்

டேவிட் வில்கி 1954-ம் ஆண்டு மார்ச் மாதம் 8-ந் திகதி கொழும்பில் பிறந்தார். பெற்றோர் ஸ்கொட்லாந்துக்காரர், தொழில் நிமித்தம் இலங்கையில் வாழ்ந்தவர்கள். பிள்ளை நீந்தப் பழகியது கொள்ளுப்பிட்டிக் கடலோரம் அமைந்துள்ள கொழும்பு நீச்சற் கழகத்தின் திறந்தவெளித் தடாகத்தில். வருடம் முழுவதும் வெயில், வருடம் முழுவதும் இளஞ்சூடான தண்ணீர். நீந்தப் பழகும் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்நாளில் அது ஐரோப்பியருக்கென்று அமைந்திருந்த கழகம். நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தடாகத்தில் இடம் இருக்கவில்லை. இதை நான் கசப்போடு எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் முறை. நம்மவர் நீந்தப் பழகிய இடங்கள் வேறு. கீரிமலைக் கேணியில் பழகியவர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருப்பார்கள். வடமராட்சிக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அதுவும் தேவையில்லை. நடக்கப் பழகும்போதே நீந்தவும் பழகிவிடுவார்கள். வில்கி பிறந்த அதே 1954-ம் ஆண்டில்தான் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி அவர்கள் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து புகழ் பெற்றார். 1971-ல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அவர்கள் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக நீந்திக் கடந்தார். ஆகவே நீச்சல் நமக்குப் புதிய கலை அன்று. இங்கு வந்த பின்புதான் அதை மறந்தோம்.

பதினொரு வயதில் கடல் கடந்த பிள்ளை

வில்கிக்கு 11 வயதானபோது பெற்றோர் அவரை எடின்பரோ நகரிலுள்ள டானியல் ஸ்ரூவர்ட் கல்லூரிக்கு விடுதி மாணவராக அனுப்பிவைத்தனர். தாயும் தந்தையும் இலங்கையில். பிள்ளை ஆறாயிரம் மைலுக்கு அப்பால். அக்காலத்தில் குடியேற்ற நாடுகளில் வேலை பார்த்த ஆங்கிலேயரும் ஸ்கொட்லாந்துக்காரரும் தம் பிள்ளைகளை இவ்விதம் அனுப்புவது சாதாரண வழக்கம். பிள்ளையின் படிப்பு நன்றாக அமையவேண்டும் என்பதே நோக்கம்.

இதை வாசிக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு மனம் சற்று உறுத்தும் என்று எனக்குத் தெரியும். நாட்டில் கலவரமும் யுத்தமும் வந்தபோது நாமும் பிள்ளைகளைத் தனியே அனுப்பினோம். சித்தப்பா வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் அனுப்பினோம். முன்பின் தெரியாத ஊர்களுக்கும் அனுப்பினோம். காரணங்கள் வேறு, ஆனால் சூட்கேசும் கையுமாகக் குளிரில் வந்து இறங்கிய பிள்ளையின் மனம் ஒன்றுதான். வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு எடின்பரோவின் குளிரும் இருளும் எப்படி இருந்திருக்கும் என்பதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அவருக்குப் பற்றுக்கோடாகக் கிடைத்தது நீச்சல். எடின்பரோவில் வரெண்டர் என்ற நீச்சற் குளம் ஒன்று உண்டு. 1887-ல் திறக்கப்பட்ட பழைய கட்டடம். தடாகத்தின் நீளம் 25 யார் மாத்திரமே. ஆனால் அக்குளத்தைச் சார்ந்த வரெண்டர் கழகம் மிகச் சிறப்பு வாய்ந்தது. 1928-ம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் பெற்ற எலன் கிங் என்ற வீராங்கனையும் இக்கழகத்தைச் சேர்ந்தவர்தான். அங்கு பயிற்சி அளித்த பிராங் தோமஸ் என்பவர் இந்தச் சிறுவனின் மார்பு நீச்சலைக் கண்டுகொண்டார். தொடக்கத்தில் வில்கி பயிற்சியில் அத்தனை ஊக்கம் காட்டவில்லை என்று சொல்வார்கள். அதிகாலையில் எழுந்து குளிர் நீரில் இறங்குவது எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்? ஆயினும் பயிற்சியாளர் கைவிடவில்லை. பிள்ளையும் முற்றாக விட்டுவிடவில்லை.

1970-ல் பொதுநலவாய விளையாட்டு விழா எடின்பரோவிலேயே நடைபெற்றது. அதற்கென்று 50 மீற்றர் நீளமான புதிய தடாகம் ஒன்றை அந்நகரில் கட்டியிருந்தார்கள். சொந்த ஊர் மக்கள் முன்னிலையில், ஸ்கொட்லாந்தின் சார்பில், 16 வயது வில்கி 200 மீற்றர் மார்பு நீச்சலில் வெண்கலப் பதக்கம் பெற்றார். மூன்றாம் இடந்தான், ஆனால் அன்று முதல் அவர் வேறு ஆள்.

இரண்டாம் இடமும் அதன் பாடமும்

1972-ல் மியூனிக் நகரில் ஒலிம்பிக் விழா. வில்கிக்கு வயது 18. வெளியுலகம் அவரை அவ்வளவாக அறிந்திருக்கவில்லை. 200 மீற்றர் இறுதிப் போட்டியில் அமெரிக்கரான ஜோன் ஹென்கன் 2 நிமிடம் 21.55 செக்கனில் நீந்தி உலக சாதனையோடு தங்கம் வென்றார். வில்கி 2 நிமிடம் 23.67 செக்கனில் இரண்டாவதாக வந்து வெள்ளி பெற்றார். ஜப்பானியரான தகுச்சி மூன்றாவது.

நம் வீடுகளில் பிள்ளை வகுப்பில் இரண்டாவதாக வந்தால், "முதலாவதாக வந்தது யார்?" என்பதுதான் நாம் கேட்கும் முதற் கேள்வி. வில்கியும் அந்தக் கேள்வியைத்தான் தம்மிடம் கேட்டுக்கொண்டார் போலும். ஆனால் அவர் சோர்ந்துபோய் இருந்துவிடவில்லை. முதலாவதாக வந்தவனின் நாட்டுக்கே போய்ப் பழகுவது என்று முடிவு செய்தார். புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மீண்டும் வெயில், மீண்டும் திறந்தவெளித் தடாகம். கொழும்பில் தொடங்கிய நீச்சல், குளிர் நாட்டில் சில ஆண்டுகள் உரம் பெற்று, மறுபடியும் வெப்ப நாட்டில் முதிர்ந்தது என்று சொல்லலாம். அமெரிக்கரை வெல்வதற்கான வித்தையை அமெரிக்காவிலேயே அவர் கற்றார்.

அதன் பலன் விரைவில் தெரிந்தது. 1973-ல் பெல்கிரேட் நகரில் முதன்முதலாக நடத்தப்பட்ட உலக நீச்சற் போட்டியில் 200 மீற்றர் தூரத்தை 2 நிமிடம் 19.28 செக்கனில் நீந்தி, உலக சாதனையோடு தங்கம் பெற்றார். ஹென்கன் இம்முறை அவருக்குப் பின்னால். 1974-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் நடைபெற்ற பொதுநலவாய விழாவில் ஸ்கொட்லாந்துக்காக இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். இரண்டு தங்கங்களில் ஒன்று நால்வகை நீச்சலில் கிடைத்தது. அதாவது வண்ணத்துப்பூச்சி நீச்சல், மல்லாந்து நீந்துதல், மார்பு நீச்சல், பிரீஸ்டைல் ஆகிய நான்கையும் ஒருவரே தொடர்ந்து நீந்தும் போட்டி. அதே ஆண்டு வியன்னாவில் ஐரோப்பியப் போட்டியில் இந்த நால்வகை நீச்சலிலும் உலக சாதனை செய்தார். 1975-ல் கொலம்பியா நாட்டின் காலி நகரில் (நம் தென்னிலங்கைக் காலி அல்ல) நடைபெற்ற உலகப் போட்டியில் 100 மீற்றர், 200 மீற்றர் ஆகிய இரண்டு மார்பு நீச்சல்களிலும் தங்கம்.

மொன்றியல்

மொன்றியலுக்கு வந்தபோது வில்கிக்கு ஒரு குறை இருந்தது. அவர் சிறந்து விளங்கிய 200 மீற்றர் நால்வகை நீச்சல் அவ்வருட ஒலிம்பிக் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அவருக்கு மார்பு நீச்சல்கள் இரண்டு மட்டுமே மிஞ்சின. 100 மீற்றர் போட்டியில் ஹென்கன் 1 நிமிடம் 3.11 செக்கனில் முதலாவது. வில்கி 1 நிமிடம் 3.43 செக்கனில் இரண்டாவது. வித்தியாசம் செக்கனில் மூன்றில் ஒரு பங்கு. தூரத்தில் சொன்னால் ஏறக்குறைய அரை மீற்றர். ஒருவன் கை நீட்டும் தூரங்கூட இல்லை.

நான்கு ஆண்டுகள் உழைத்த பின்னரும் அதே ஆளிடம் மறுபடியும் இரண்டாம் இடம். அதன் பின் 200 மீற்றர் போட்டிக்கு இறங்குவதற்கு எத்தகைய மனம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். வில்கி இறங்கினார். அவரது பலம் பிற்பாதியில். தொடக்கத்திலேயே வேகத்தைச் செலவழித்துவிடாமல், நீண்ட, அமைதியான வீச்சுக்களோடு நீந்துவார். மற்றவர்கள் களைக்கும் நேரத்தில் அவருடைய வேகம் குறையாது. அன்றும் அவ்வாறே நீந்தி 2 நிமிடம் 15.11 செக்கனில் முடித்தார். ஹென்கன் 2 நிமிடம் 17.26 செக்கனில் இரண்டாவது. பழைய உலக சாதனை 2 நிமிடம் 18.21 செக்கன். அதாவது ஒரே நாளில் மூன்று செக்கனுக்கு மேல் குறைத்துவிட்டார். நீச்சலில் சாதனைகள் செக்கனின் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்றுதான் குறைவது வழக்கம். மூன்று செக்கன் என்பது பெரும் பாய்ச்சல். இச்சாதனை ஆறு ஆண்டுகள் நிலைத்திருந்து, 1982-ல்தான் கனடா வீரர் விக்டர் டேவிஸ் அதை முறியடித்தார்.

மீசையும் தொப்பியும் கண்ணாடியுமாக அவர் தடாகத்தில் நின்ற கோலத்தை அக்காலப் படங்களில் பார்க்கலாம். நீச்சல் தொப்பி, நீச்சற் கண்ணாடி இரண்டையும் சேர்த்து அணிந்து பெரிய போட்டிகளில் நீந்திய முதல் வீரர் அவரே என்பர். நாகரிகத்துக்காக அணியவில்லை. நீண்ட தலைமயிர் கண்ணில் விழாதிருக்கத் தொப்பி. தடாகத்து நீரில் கலக்கும் குளோரின் அவருக்கு ஒத்துக்கொள்ளாததால் கண்ணாடி. இன்று உலகெங்கும் நீந்தும் பிள்ளைகள் இரண்டையும் அணிகிறார்கள்.

இதன் பின் வில்கி செய்ததுதான் பலருக்கும் வியப்பு. மொன்றியலோடு போட்டி நீச்சலை நிறுத்திக்கொண்டார். வயது 22. அடைய வேண்டியதை அடைந்தாயிற்று என்று விட்டுவிட்டார். ஒரே காலத்தில் பிரித்தானிய, அமெரிக்க, பொதுநலவாய, ஐரோப்பிய, உலக, ஒலிம்பிக் பட்டங்கள் அனைத்தையும் வைத்திருந்த ஒரே நீச்சல் வீரர் என்ற பெருமை அவருக்கு உண்டு. 1982-ல் சர்வதேச நீச்சல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. பின்னாளில் உடல்நல மாத்திரைகள் விற்கும் கம்பனி ஒன்றை நடத்தினார். 2024-ம் ஆண்டு மே மாதம் 22-ந் திகதி, புற்றுநோயினால், தமது 70-வது வயதில் காலமானார்.

ஸ்கொட்லாந்தின் நீச்சற் பரம்பரை அவரோடு நின்றுவிடவில்லை. கிளாஸ்கோவில் பிறந்த டங்கன் ஸ்கொட் என்ற வீரர் 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களில் மொத்தம் எட்டுப் பதக்கங்கள் பெற்றிருக்கிறார். 200 மீற்றர் மார்பு நீச்சல் உலக சாதனையையும் 2023-ல் சீன வீரர் ச்சின் ஹையாங் 2 நிமிடம் 5.48 செக்கனுக்குக் குறைத்துவிட்டார். பயிற்சி முறைகள் மாறியதோடு விதிகளும் மாறின. வில்கியின் காலத்தில் தலையின் ஒரு பகுதி எப்போதும் நீருக்கு மேலே தெரியவேண்டும் என்பது விதி. 1987-ல் அது தளர்த்தப்பட்டது. ஆகவே அவரது 2 நிமிடம் 15 செக்கனை இன்றைய கணக்கோடு ஒப்பிட்டுக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது.

மார்பு நீச்சலும் நம் உடம்பும்

இனி, வைத்தியன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

நான்கு வகை நீச்சல்களில் மிக மெதுவானது மார்பு நீச்சல். நம் ஊரில் தவளை நீச்சல் என்போம். தவளை காலை மடக்கி உதைப்பது போலவே உதைக்கவேண்டும். பிரீஸ்டைல் நீச்சலில் பெரும்பங்கு வேலை கைகளுக்கு. மார்பு நீச்சலில் கால்களுக்கு. தண்ணீர் காற்றைப்போல் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. எனவே ஒவ்வொரு தடவை காலை மடக்கும்போதும் நீர் நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது. உதைத்த பின் உடம்பை அம்புபோல் நேராக்கிச் சறுக்கிச் செல்லத் தெரிந்தவனே வெல்வான். பலத்தைவிட நிதானம் வேண்டிய நீச்சல் இது.

இந்த உதையில் முழங்காலின் உட்புறத் தசைநார் இழுபடுகிறது. இந்நீச்சலைப் போட்டிக்காகப் பழகும் பிள்ளைகளுக்கு அவ்விடத்தில் நோ வருவது சாதாரணம். ஆகவே, முழங்கால் தேய்ந்த பெரியவர்கள் இந்த உதையைத் தவிர்ப்பது நல்லது. தலையை நீருக்கு மேலே தூக்கி வைத்தபடியே நீந்துவோருக்குக் கழுத்து வலியும் வரும். அவ்வாறானவர்கள் நீந்தாவிட்டாலும் பரவாயில்லை. கழுத்தளவு நீரில் நடக்கலாம். அவ்வளவு நீரில் நிற்கும்போது கால்கள் தாங்கும் பாரம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான். கோயிலில் பிரதட்சிணம் வருவதற்கே கஷ்டப்படும் நம் அம்மாமார், தண்ணீரில் அரை மணி நேரம் சிரமமின்றி நடப்பதை நான் கண்டிருக்கிறேன். இருதய நோய் உள்ளவர்கள் மட்டும் தங்கள் வைத்தியரைக் கேட்டபின் இறங்கவேண்டும். கழுத்தளவு நீரில் இறங்கும்போது கால்களிலுள்ள இரத்தம் நெஞ்சை நோக்கித் தள்ளப்படுவதால் இருதயத்தின் வேலை கூடும்.

நீரிழிவும் மாரடைப்பும் நம் இனத்தாரை மற்றவர்களைவிட இளவயதிலேயே அதிகம் பிடிக்கின்றன என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. இவ்விரண்டையும் தள்ளிப்போட உடற்பயிற்சி போல் மருந்தில்லை. தொய்வு உள்ள பிள்ளைகளுக்கு ஓட்டத்தைவிட நீச்சல் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஈரப்பதனான காற்றைச் சுவாசிப்பதால் இழுப்பு வருவது குறைவு. சிலருக்குக் குளோரின் மணமே இழுப்பை உண்டாக்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

உயிர் காக்கும் கல்வி

இதுவரை சொன்னவை யாவும் உடல்நலத்தைப் பற்றியவை. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது.

கோடை காலத்தில் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகப் பஸ் பிடித்துக் கடற்கரைக்குச் செல்வது வழக்கம். புளிச்சாதமும் வடையும் கட்டிக்கொண்டு போவோம். நல்ல விஷயந்தான். ஆனால் இந்த நாட்டுக் கடல் நம் ஊர்க் கடல் அன்று. பிரித்தானியக் கடல் நீரின் சராசரி வெப்பம் 12 பாகை சென்ரிகிரேட் அளவுதான். நம் யாழ்ப்பாணக் கடலோ 28 பாகை அளவில் இருக்கும். 15 பாகைக்குக் குறைந்த நீரில் திடீரென்று விழுந்தால் எவருக்கும் மூச்சு வாங்கும். தம்மையறியாமல் வாயைத் திறந்து நீரை உள்ளே இழுத்துவிடுவார்கள். "நான் காங்கேசன்துறையில் நீந்தினவன், எனக்கென்ன பயம்" என்று இறங்குபவர்களுக்கும் இதே கதிதான். எத்தனையோ கடல்களை வென்ற நம் ஆனந்தன் அவர்களே 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே பின்வருவனவற்றை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டுகிறேன்.

ஒன்று: எதிர்பாராமல் குளிர்ந்த நீரில் விழுந்தால் உடனே நீந்த முயலவேண்டாம். மல்லாந்து, காதுகள் நீரில் அமிழும்படி தலையைச் சாய்த்து மிதக்கவேண்டும். ஓரிரு நிமிடங்களில் மூச்சு சீரானபின் கூப்பிடலாம், நீந்தலாம்.

இரண்டு: மூழ்கும் பிள்ளை சினிமாவில் காட்டுவதுபோல் கையை வீசிக் கத்தாது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் அமிழ்ந்துபோகும். தண்ணீரருகே பிள்ளைகள் விளையாடும்போது, "எல்லோரும் பார்க்கிறார்கள்தானே" என்று இருக்கக்கூடாது. எல்லோரும் பார்க்கும் பிள்ளையை உண்மையில் எவரும் பார்ப்பதில்லை. இன்னார்தான் பார்க்கவேண்டும் என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

மூன்று: மூழ்குபவரைக் காப்பாற்ற, பயிற்சி இல்லாதவர் நீரில் குதிக்கக்கூடாது. இருவரும் போய்விடும் ஆபத்து உண்டு. மிதக்கும் பொருள் எதையாவது எறியுங்கள், 999-க்கு அழையுங்கள்.

நான்கு: வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையானால், நம் ஊர் வழக்கப்படி வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். சில நிமிடங்கள் ஒட்சிசன் இல்லாவிட்டாலே மூளை பழுதாகத் தொடங்கிவிடும். முதலில் வாயோடு வாய் வைத்து 5 தடவை மூச்சுக் கொடுக்கவேண்டும். அதன் பின் நெஞ்சை 30 தடவை அமுக்குவதும், 2 தடவை மூச்சுக் கொடுப்பதுமாக, உதவி வரும்வரை தொடரவேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலைக் கல்வி முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் 25 மீற்றர் தூரம் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே உள்ளது. ஆனால் பாடசாலையில் கிடைப்பது சில வாரப் பழக்கம் மாத்திரமே. அதைத் தொடர்வது வீட்டாரின் பொறுப்பு. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒன்பது பத்து வயதில் நுழைவுப் பரீட்சைக்கான ரியூசன் தொடங்கியதும் முதலில் நிறுத்தப்படுவது நீச்சல் வகுப்புத்தான். சங்கீதத்தையும் பரதத்தையும் அரங்கேற்றம்வரை கொண்டுபோவோம். நீச்சலைப் பாதியில் விடுவோம். பெண் பிள்ளைகள் பத்து வயதைக் கடந்துவிட்டால், உடையைக் காரணங்காட்டி நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இப்போது உடலை மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் தடாகங்களும் பல உள்ளன. கேட்டால் சொல்வார்கள்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. படிப்பினால்தான் நாம் இந்நாட்டில் தலை நிமிர்ந்து நிற்கிறோம். ஆனால் படிப்புக்காகவே பதினொரு வயதில் தாய் தந்தையரைப் பிரிந்துவந்த அந்தச் சிறுவனைத் தாங்கி நிறுத்தியது பாடப்புத்தகம் மட்டுமன்று. கால் யார் கால் யாராகப் பழகிய நீச்சலும், விடாது கூப்பிட்ட ஒரு பயிற்சியாளரும்தான். புதிய ஊரில் பிள்ளை காலூன்றுவதற்கு அப்படி ஒன்று வேண்டும். அது மிருதங்கமாகவும் இருக்கலாம், கிரிக்கெட்டாகவும் இருக்கலாம். நீச்சலானால் உயிரையும் காக்கும்.

வில்கியைப்போல் தங்கம் வெல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளை 25 மீற்றர் நீந்தவும், ஆடையோடு நீரில் விழுந்தால் ஐந்து நிமிடம் மிதக்கவும் பழகிவிட்டால், பெற்றோர் நிம்மதியாகத் தூங்கலாம்.

நிர்வாகசபைக்கும் ஒரு யோசனை. அருகிலுள்ள நகரசபைத் தடாகத்தை வாரத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்கமுடியுமா என்று விசாரித்துப் பார்க்கலாம். ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்தபின் பிள்ளைகளுக்கு அரை மணி, அம்மாமாருக்கு அரை மணி என்று ஒதுக்கினாற்கூடப் போதும். செலவைப் பெற்றோர் பங்கிட்டுக் கொள்ளலாம். முன்வரும் பெற்றோர் அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும்போது செயலாளரிடம் பெயரைப் பதிந்தால் காரியம் தொடங்கிவிடும். முதலுதவிப் பாடத்தை நடத்தித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தீர்த்தமாடுதலைப் புண்ணியமாகக் கருதும் சமயம் நம்முடையது. கோயிலுக்கு முன்னே குளம் வெட்டியவர்கள் நம் முன்னோர். தண்ணீரைக் கண்டு அஞ்சாமலும், அதே வேளை அதை அலட்சியம் செய்யாமலும் வாழ நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது நம் கடமை. எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் துணை நிற்பானாக.

— சங்க உறுப்பினரான ஒரு வைத்தியர்